மலையகத்துக்குப் புதிதாக வருகிறீர்களா? தண்ணீர், சவர்க்காரம், காய்ந்த துணி

ஆசிரியர் நியமனம் கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வருபவர்கள், கொழும்பில் வளர்ந்து தோட்டத்துக்கு மருமகளாக வரும் பெண்கள், வங்கிக்கும் பிரதேச செயலகத்துக்கும் மாற்றலாகி வருபவர்கள் என்று பலரைப் பார்த்துவிட்டேன். வந்த முதல் சில மாதங்களுக்குள் அவர்களில் நிறையப் பேர் ஒரு தடவையாவது படுத்துவிடுகிறார்கள். வயிற்றோட்டம், விடாத தடிமல், கால்விரல் இடுக்கில் புண், இரவெல்லாம் சொறிய வைக்கும் தோல் வருத்தம் என்று ஏதாவது ஒன்று. "குளிர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று அக்கம்பக்கத்தார் சொல்வார்கள். ஆனால் குளிர் கிருமியை உண்டாக்குவதில்லை. குளிரும் மழையும் நம் பழக்கங்களைக் குலைக்கின்றன. கை கழுவத் தண்ணீரைத் தொட்டாலே விறைக்கிறது, எனவே கழுவுவது குறைகிறது. துணி காய்வதில்லை, எனவே ஈரத்தோடு உடுத்துகிறோம். குளிர் காற்றுக்குப் பயந்து ஜன்னலை அடைக்கிறோம். கீழ்நாட்டில் வெயிலும் வீட்டுக் கிணறும் நமக்காகப் பாதி வேலையைச் செய்துகொண்டிருந்தன. இங்கே அந்த வேலையை நாமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

அதனால் வந்த முதல் வாரத்திலேயே எதை எங்கே வைப்பது, எதை எப்போது செய்வது என்று ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள். இடமும் பொருளும் சரியாக அமைந்துவிட்டால் பழக்கம் தானாக வரும். நோய் வந்த பிறகு ஏற்பாடு செய்வது மிகவும் கஷ்டம்.

முதற்படி: தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று போய்ப் பாருங்கள்

மழையில்லாத ஒரு காலையில், லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) நீண்ட காலமாக இருக்கும் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு குழாய் வரும் வழியே மேலே ஏறுங்கள். பெரும்பாலும் அது ஓர் ஊற்றிலோ ஓடையிலோ போய் முடியும். நடுவில் ஒரு சீமெந்துத் தாங்கி இருக்கும். தாங்கிக்கு மூடி இருக்கிறதா? அதற்கு மேட்டில் வேறு லயமோ மலசலகூடக் குழியோ மாட்டுப் பட்டியோ கோழி எரு போட்ட மரக்கறித் தோட்டமோ இருக்கிறதா? இவற்றைக் கண்ணால் பார்த்துவிட்டால், தண்ணீரைக் காய்ச்ச வேண்டுமா என்று யாரிடமும் கேட்கத் தேவையிருக்காது.

இறங்கி வரும்போது குழாய்ப் பொருத்துகளையும் கவனியுங்கள். பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டிய இடங்கள் இருக்கும். சில இடங்களில் குழாய் கானுக்குள்ளேயே கிடக்கும். தண்ணீர் ஓடும்போது அந்தப் பொருத்திலிருந்து வெளியே கசியும். தண்ணீரை நிறுத்தியதும் அழுத்தம் இறங்கி, வெளியே நிற்கும் கான் தண்ணீர் அதே ஓட்டை வழியாக உள்ளே போகும். காலையில் ஒரு மணித்தியாலமும் மாலையில் ஒரு மணித்தியாலமும் மட்டுமே தண்ணீர் வரும் தோட்டங்களில் இது நாளாந்தம் நடக்கிறது. ஆகவே குழாய் திறந்ததும் முதலில் வரும் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ பிடிக்காதீர்கள். அது துணி துவைக்கவும் மலசலகூடத்துக்கும் போகட்டும்.

"இந்த ஊத்துத் தண்ணிக்கு என்னா கொறச்சல், சின்ன வயசுலருந்து இதத்தானே குடிக்கிறோம்" என்று பீலியடியில் (ஊற்றுத் தண்ணீர் பிடிக்கும் இடத்தில்) யாராவது பெரியம்மா சொல்லக்கூடும். வாதாட வேண்டாம். ஊற்று வாய் சுத்தமாக இருந்தாலும், அங்கிருந்து உங்கள் வாளிக்கு வரும் வழி சுத்தமில்லை. அதோடு, நீங்கள் அந்தத் தண்ணீரில் வளர்ந்தவர் அல்ல. "எனக்கு ஒத்துக்கொள்ளாது பெரியம்மா, காய்ச்சித்தான் குடிக்க வேணும்" என்று சொன்னால் ஒருவருக்கும் மனம் நோகாது.

இரண்டாம் படி: காய்ச்சுவதிலும் ஒரு முறை இருக்கிறது

உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். அந்தச் சூடு வயிற்று நோய்க் கிருமிகளைக் கொல்லப் போதுமானதுதான். ஆனால் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி வந்ததும் இறக்குவது போதாது. தண்ணீர் புரண்டு கொதிக்க ஆரம்பித்த பிறகு ஒரு நிமிடம் அடுப்பில் இருக்க வேண்டும். 2,000 மீற்றருக்கு மேலுள்ள இடங்களுக்கு மூன்று நிமிடம் என்பது விதி. நுவரெலியாவைச் சுற்றிய உயர்ந்த தோட்டங்களில் இருப்பவர்கள் மூன்று நிமிடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், கணக்குப் பார்க்கும் தொல்லை இல்லை. மழைநாளில் தண்ணீர் கலங்கி வந்தால், முதலில் ஒரு வாளியில் தெளியவிட்டு, நாலாக மடித்த பருத்தித் துணியில் வடித்து, அதன் பிறகு காய்ச்சுங்கள்.

காய்ச்சிய பிறகு நடக்கும் தவறுகள்தான் அதிகம். அவசரத்துக்கு ஆற வேண்டும் என்று கொதித்த தண்ணீரில் பச்சைத் தண்ணீரைக் கலப்பார்கள். அரைக் கோப்பை பச்சைத் தண்ணீர் போதும், காய்ச்சிய பலன் போய்விடும். அதேபோல, காய்ச்சிய தண்ணீரை வாய் அகன்ற பானையில் ஊற்றிவைத்துக் கோப்பையை விரலோடு உள்ளே விட்டு மொண்டால், விரலில் இருப்பது தண்ணீருக்குப் போகும். கொதித்த பாத்திரத்திலேயே மூடி ஆறவிடுங்கள். குழாய் வைத்த மூடிய கேனிலோ வாய் ஒடுங்கிய போத்தல்களிலோ நிரப்புங்கள். பானைதான் இருக்கிறதென்றால் நீண்ட காம்புள்ள அகப்பை ஒன்றைத் தண்ணீருக்கென்றே மேலே தொங்கவிடுங்கள். இரவுச் சமையல் முடிந்ததும், தணல் இருக்கும்போதே அடுத்த நாளுக்கான தண்ணீரை ஏற்றிவிடுவது நல்ல வழக்கம். விறகும் மிச்சமாகும்.

விறகுக்குத் தட்டுப்பாடான வீடுகளில் குளோரின் வில்லை உதவும். எத்தனை லீற்றருக்கு எத்தனை வில்லை என்று பொதியில் போட்டிருக்கும் அளவைத் தாண்ட வேண்டாம். போட்டபின் அரை மணித்தியாலமாவது விட்டுக் குடியுங்கள். கலங்கல் தண்ணீரில் குளோரின் சரியாக வேலை செய்யாது, வடித்த பிறகே போடவேண்டும்.

மூன்றாம் படி: கை கழுவும் இடத்தை அமையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரேயொரு காரியத்தைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். சவர்க்காரம் போட்டுக் கை கழுவும் பழக்கம் வயிற்றோட்டத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கால் குறைக்கிறது. பல நாடுகளில் செய்த ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. தடிமல், இருமல்கூடக் குறைகிறது. செங்கண்மாரி, நெருப்புக்காய்ச்சல், பூச்சி வருத்தம் எல்லாவற்றுக்கும் கை ஒரு பொது வழி.

தோட்டத்தில் மலசலகூடம் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே, சில படிகள் இறங்கியோ ஏறியோ இருக்கும். தண்ணீர்க் குழாய் வேறு பக்கம். சவர்க்காரம் வீட்டுக்குள் எங்கேயோ. அதிகாலைக் குளிரில், பனி கொட்டும்போது, இந்த மூன்றையும் தேடிப்போய்க் கை கழுவ ஒரு பிள்ளையால் முடியுமா? பிள்ளையைக் கண்டித்துப் பயனில்லை. மூன்றையும் ஓரிடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

அதற்குக் காசு தேவையில்லை. தேங்காயெண்ணெய் வந்த 5 லீற்றர் கேன் ஒன்று, இரண்டு கவைக்கம்பு, ஒரு நேர்க்கம்பு, கொஞ்சம் நைலோன் கயிறு போதும். களைகொல்லி, பூச்சிமருந்து வந்த கேன்களை எவ்வளவு கழுவினாலும் எடுக்கவே கூடாது. தோட்டங்களில் அந்தக் கேன்களில் தண்ணீர் பிடித்துவைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது. கேனின் மூடிக்குக் கீழே, ஏறக்குறைய அரைச் சாண் அளவில், கைபிடிக்கு எதிர்ப்பக்கத்தில் சுட்ட ஆணியால் ஒரு துளை போடுங்கள். மலசலகூட வாசலருகே இரண்டு கவைக்கம்பையும் ஆழ ஊன்றுங்கள், மழையில் மண் இளகிச் சாயும். நேர்க்கம்பைக் கேனின் கைபிடிக்குள் விட்டுக் கவைகளின் மேல் வையுங்கள். கேனின் கழுத்தில் கயிறு கட்டி, கீழே நிலத்தில் கிடக்கும் ஒரு மிதி கம்பின் நுனியில் முடியுங்கள். காலால் மிதித்தால் கேன் சரிந்து துளை வழியே மெல்லிய தாரையாகத் தண்ணீர் விழும். காலை எடுத்தால் நின்றுவிடும். கழுவாத கையால் எதையும் தொட வேண்டியதில்லை. ஒரு கேன் தண்ணீர் பல பேருக்குக் காணும், தண்ணீர் விட்டுவிட்டு வரும் லயத்தில் இது பெரிய சேமிப்பு. தண்ணீர் விழும் இடத்தில் சரளைக் கல்லைக் கொட்டுங்கள், இல்லாவிட்டால் சேறாகிவிடும்.

சவர்க்காரத்தைக் கல்லின் மேல் வைத்தால் மழையில் கரைந்துவிடும், காகமும் எலியும் தூக்கிக்கொண்டு போகும். அதன் நடுவே துளைத்துக் கயிறு கோர்த்து, மேலே குடை மாதிரி ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்துத் தொங்கவிடுங்கள். அல்லது குளியலறையில் மீந்துபோகும் துண்டுச் சவர்க்காரங்களைச் சீவி ஒரு போத்தல் தண்ணீரில் ஊறவைத்து, மூடியில் சின்னத் துளை போட்டுவிடுங்கள். அந்தச் சவர்க்காரத் தண்ணீர் கை கழுவ முற்றிலும் போதுமானது. விலைகூடிய 'கிருமி கொல்லும்' சவர்க்காரம் வேண்டியதில்லை, சாதாரணச் சவர்க்காரமே வேலையைச் செய்யும்.

தண்ணீர் சூடாக இருக்க வேண்டுமா என்று பலரும் கேட்பார்கள். கிருமியைப் போக்குவதில் சூடும் குளிரும் ஒன்றுதான். ஆனால் ஜனவரி மாதத்துக் காலையில் சின்னப் பிள்ளை கையை நனைத்தவுடன் எடுத்துவிடும். அதற்காக அடுப்பில் சுடும் தண்ணீரில் ஒரு சுண்டு கலந்து கொடுப்பது வீண் செலவல்ல. 20 வினாடி தேய்க்க வேண்டும் என்றால் கை அந்தத் தண்ணீரைத் தாங்க வேண்டும். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, பெருவிரல், நகக்கண் என்ற வரிசையில் தேய்க்கச் சொல்லிக்கொடுங்கள். பெருவிரலையும் நகக்கண்ணையும் பெரியவர்களே விட்டுவிடுகிறார்கள். வாரத்துக்கு ஒரு நாள் நகம் வெட்டுவதை வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளாக வைத்தால் மறக்காது.

எப்போது கழுவுவது? மலசலகூடம் போய்வந்த பிறகு, குழந்தைக்குக் கழுவிவிட்ட பிறகு, சமைக்கத் தொடங்குமுன், சாப்பிடுமுன், பிள்ளைக்கு ஊட்டுமுன், மாட்டையும் எருவையும் தொட்ட பிறகு. கைக்குழந்தையின் மலத்தில் கிருமி இல்லை என்ற எண்ணம் பல வீடுகளில் இருக்கிறது. அது சரியல்ல. அந்தத் துணியைக் கானில் அலசாமல், மலத்தை மலசலகூடத்தில் போட்டுவிட்டுத் துவையுங்கள்.

மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் கஷ்டம் வேறு. தேத்தண்ணி நேரத்தில் மலையிலேயே ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட வேண்டும். பக்கத்தில் தண்ணீர் இருக்காது. கையில் கொழுந்துக் கறை, சில வேளை மருந்தடித்த செடியின் ஈரம். குடிக்கும் தேத்தண்ணிப் போத்தலோடு இன்னொரு சிறிய போத்தலில் சவர்க்காரத் தண்ணீரும், ஒன்றில் வெறுந்தண்ணீரும் கூடையில் போகட்டும். இருவர் மூவர் சேர்ந்து முறைபோட்டுக் கொண்டுபோகலாம். முடியாத நாளில் ரொட்டியைத் தாளில் சுற்றியபடியே பிடித்துச் சாப்பிடுங்கள். விரல் வெடிப்பில் ஊறி நிற்கும் கறுப்புக் கறை அழுக்கு அல்ல, தேயிலைச் சாறு. அதைப் பிளேடால் சுரண்டுவதும் தேசிக்காய் வைத்துத் தேய்ப்பதும் வெடிப்பைப் பெரிதாக்கும். இரவில் கையைக் கழுவித் துடைத்து, கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசிப் படுத்தால் தோல் ஆறும்.

நான்காம் படி: குளியல், துணி, வெயில் இல்லாத நாட்கள்

எங்கே வந்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் ஈரமான மாதங்கள் மாறும். ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் அக்டோபரிலிருந்து ஜனவரி வரை மழை கூட. அந்த மாதங்கள் வருவதற்கு முன்பே உள்ளுடுப்பும் காலுறையும் துவாயும் ஒவ்வொருவருக்கும் கூடுதலாக இரண்டு சோடி வாங்கிவைத்துவிடுங்கள். இங்கே சுகாதாரத்துக்கு முதலில் செலவழிக்க வேண்டியது இதற்குத்தான் என்று நினைக்கிறேன். மாற்றுத் துணி இல்லாதவர் ஈரத்தைத்தான் உடுத்துவார். ஈர உள்ளுடுப்பு படர்தாமரைக்கும் அரிப்புக்கும் நேர்வழி.

இஸ்தோப்பின் (முன் விறாந்தையின்) கூரைக்கடியில் நீளவாக்கில் ஒரு கொடி கட்டுங்கள். குசினி அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் துணி காயும்தான், ஆனால் புகை ஏறும். அதைவிட, அடுப்புள்ள சுவருக்கு மறுபக்கம் கொடி கட்டினால் சூடு கிடைக்கும், புகை வராது. இஸ்திரிப்பெட்டி இருந்தால் உள்ளுடுப்பின் தையலோரங்களிலும் துவாயிலும் சூடாக ஓட்டி எடுங்கள். வெயில் ஒரு மணித்தியாலம் எட்டிப்பார்த்தாலும் போர்வையையும் தலையணையையும்தான் முதலில் வெளியே போட வேண்டும். துவாய் ஆளுக்கொன்று. இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். கணவன் மனைவிக்கும் வேறுவேறு துவாய்தான்.

குளிர்நாளில் தினமும் தலையில் தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும் என்று இல்லை. வெயிலில் வேலை செய்யாத ஒருவருக்கு வாரத்தில் இரண்டு மூன்று முழுக்கு போதும். ஆனால் ஒவ்வொரு நாளும் ஒரு பேசின் இளஞ்சூட்டுத் தண்ணீரில் முகம், அக்குள், இடுக்கு, பின்புறம், பாதம் ஆகியவற்றைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். மருந்தடிப்பவர்கள் விஷயத்தில் இந்தச் சலுகை கிடையாது. அவர்கள் வேலை முடிந்தவுடன் முழுக வேண்டும், உடுப்பைத் தனியே துவைக்க வேண்டும், பிள்ளையைத் தூக்குவது அதற்குப் பிறகுதான்.

குழந்தையைக் குளிப்பாட்டுமுன் முழங்கையால் சூடு பாருங்கள். காற்று வரும் பக்கத்தை மறைத்து, நண்பகலுக்குப் பக்கமாக, சுருக்கமாகக் குளிப்பாட்டித் துடையுங்கள். அறையைச் சூடாக்கக் கரிச்சட்டியை உள்ளே வைத்துக் கதவை அடைப்பது மிக ஆபத்து. கரி எரியும்போது வரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை மணமும் இல்லை, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

ஐந்தாம் படி: பாதம்

1916 இல் ரொக்பெல்லர் மன்றத்தின் சுகாதாரப் பிரிவு மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொளுக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. மருந்து கொடுத்துப் பூச்சியை வெளியேற்றினார்கள். ஆனால் மலசலகூடம் இல்லாத தோட்டங்களில், மருந்து குடித்தவர்களுக்கே திரும்பவும் பூச்சி வந்தது. கொளுக்கிப்புழுவின் குஞ்சு ஈர மண்ணில் காத்திருந்து வெறும் பாதத்தின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. குடலில் ஒட்டி இரத்தத்தை உறிஞ்சுகிறது. சோர்வும் வெளிறிப்போன கண்ணிமையும் மூச்சிரைப்பும் அதன் விளைவுகள். இன்று நிலைமை எவ்வளவோ திருந்தியிருக்கிறது, பாடசாலையில் பூச்சி மருந்து கொடுக்கிறார்கள். என்றாலும் மலசலகூடத்துக்கும் மரக்கறிப் பாத்திக்கும் செருப்பில்லாமல் போகும் வழக்கம் விட்டபாடில்லை. மலசலகூட வாசலில் வீட்டார் எல்லோருக்கும் பொருந்தும் ஒரு சோடி பாட்டாவை நிரந்தரமாக வைத்துவிடுங்கள்.

மழைக்காலத்தில் கான் வெட்டுபவர்களும் சதுப்பான மரக்கறித் தோட்டத்தில் நிற்பவர்களும் எலிக்காய்ச்சலை மனதில் வைத்திருக்க வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரும் சேறும் தோல் வெடிப்பு வழியாகவும் கண், வாய் வழியாகவும் கிருமியை ஏற்றும். காலில் புண் இருந்தால் நீர் புகாத பிளாஸ்டர் ஒட்டி, சப்பாத்துப் போட்டு இறங்குங்கள். அப்படி இறங்கிய சில நாட்களிலிருந்து இரண்டு கிழமைக்குள் காய்ச்சலும் கெண்டைக்காலில் தாங்க முடியாத வலியும் கண் சிவப்பும் வந்தால், உடனே வைத்தியசாலைக்குப் போய் "சேற்றுத் தண்ணியில் நின்றேன்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் வைத்தியருக்கு மிகவும் உதவும்.

அட்டைக்குப் புதியவர்கள் மிகவும் பயப்படுகிறார்கள். அவ்வளவு பயம் தேவையில்லை. கடித்துக்கொண்டிருக்கும் அட்டையில் நெருப்பு வைப்பதும் உப்புக் கொட்டுவதும் வேண்டாம், அது கக்கினால் புண்ணுக்குள் கிருமி போகும். நகத்தை அதன் ஒடுங்கிய நுனிக்கடியில் விட்டு நகர்த்தி எடுங்கள், பிறகு மற்ற நுனியை எடுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருளை அது விட்டிருப்பதால் கொஞ்ச நேரம் வடியும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, சுத்தத் துணியால் அழுத்திக் கட்டினால் நிற்கும். கடிவாயைச் சொறிவதுதான் புண்ணாக்குகிறது.

வீட்டுக்கு வந்ததும் பாதத்தைக் கழுவி, விரலிடுக்கில் துணியை விட்டு ஒவ்வொன்றாகத் துடையுங்கள். நாள் முழுவதும் றப்பர் சப்பாத்துக்குள் ஊறிய காலில் சேற்றுப்புண் வருவது இந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிப்பதால்தான். சப்பாத்தைக் கவிழ்த்துவைக்காமல், உள்ளே பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து அடுப்பு வெக்கைக்குச் சற்றுத் தள்ளி வையுங்கள்.

ஆறாம் படி: சொறியும் பேனும் குடும்பத்தோடு போக வேண்டும்

பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் (லயத்து அறையில்), குளிருக்கு ஒரே கம்பளிக்குள் மூன்று பிள்ளைகள் படுக்கும்போது சொறி பரவுவதைத் தடுக்க முடியாது. இதில் யாருடைய சுத்தத்தையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. கண்ணுக்குத் தெரியாத ஓர் உண்ணி தோலுக்கடியில் வளை தோண்டுகிறது. இரவில் அரிப்புக் கூடும். விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, அக்குள் ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். அரிப்பவருக்கு மட்டும் மருந்து பூசினால் ஒரு மாதத்தில் திரும்ப வரும். வைத்தியசாலையில் தரும் பூச்சு மருந்தை வீட்டிலுள்ள எல்லோரும், அரிப்பு இல்லாதவர் உட்பட, ஒரே இரவில் கழுத்திலிருந்து பாதம் வரை பூச வேண்டும். எத்தனை மணித்தியாலம் வைத்திருப்பது, எப்போது திரும்பப் பூசுவது என்று மருந்து தருபவரிடம் கேட்டு அதன்படியே செய்யுங்கள். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மருந்து வேறுபடலாம், அதையும் கேளுங்கள். அடுத்த நாள் காலையில் உடுப்பையும் விரிப்பையும் கொதிதண்ணீரில் ஊறவைத்துத் துவையுங்கள். துவைக்க முடியாத கம்பளியை ஒரு பெரிய பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டி மூன்று நாளுக்குக் குறையாமல் ஒதுக்கி வைத்தால், மனித உடல் இல்லாமல் அந்த உண்ணி இறந்துவிடும். மழையால் கம்பளியைக் காயப்போட முடியாத நாட்களில் இது கைகண்ட வழி. மருந்து பூசிய பிறகும் இரண்டு மூன்று கிழமை அரிப்பு இருக்கலாம். அதற்காகத் திரும்பத் திரும்பப் பூசித் தோலை எரித்துக்கொள்ளாதீர்கள்.

பேனுக்கு ஈரத் தலையில் எண்ணெய் வைத்து, பேன்சீப்பால் வேரிலிருந்து நுனிவரை வாரி, ஒவ்வொரு வாரலுக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். ஈர் பொரிப்பதற்கு ஒரு கிழமைக்குமேல் ஆகும் என்பதால், மூன்று நாளுக்கொரு முறை என்று இரண்டு கிழமை விடாமல் செய்யவேண்டும். பேன் இருக்கும் பிள்ளையை வகுப்பில் ஒதுக்கி உட்காரவைக்காதீர்கள். புதிதாக வரும் ஆசிரியர்களிடம் இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். அந்தப் பிள்ளை பாடசாலைக்கு வராமலே போய்விடும்.

பெண்களுக்கு

மாதவிடாய்த் துணி பாவிப்பவர்கள் குளிர்ந்த தண்ணீரில் முதலில் அலசி, பிறகு சவர்க்காரம் போட்டுத் துவைத்து, முழுதாகக் காயவிட வேண்டும். வெட்கத்தில் வேறு துணிக்கடியிலோ கட்டிலுக்கடியிலோ காயப்போட்டால், இந்தப் பனிக்காலத்தில் அது காயாது. கொடியில் மெல்லிய துணியொன்றை மேலே விரித்து அதன் கீழே காற்றுப்படப் போடுங்கள். காயாததை இஸ்திரி போட்டுக் காயவையுங்கள். துணியோ நப்கினோ, நான்கு தொடக்கம் ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மாற்றுவது நல்லது. மலையில் வேலை செய்யும் சகோதரிகளுக்கு அதற்கான இடமே இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த கொடுமை. மலைக்குப் பக்கத்தில் தண்ணீரோடு ஒரு மலசலகூடம் வேண்டும் என்று தோட்ட நிர்வாகத்திடமும் தொழிற்சங்கத்திடமும் கேட்பது பெண்கள் மட்டும் பேச வேண்டிய விஷயம் அல்ல. புதிதாக வந்த நீங்களும் அவர்களோடு சேர்ந்து கேளுங்கள்.

வாயும் இருமலும்

புளோரைட் உள்ள பற்பசையால் காலையிலும் படுக்குமுன்னும் துலக்குங்கள், மூன்று மாதத்துக்கொரு முறை தூரிகையை மாற்றுங்கள். குளிருக்கு இதமாக இருக்கிறது என்று புதியவர்களும் வெற்றிலை போடப் பழகிவிடுகிறார்கள். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 இல் வெளியிட்ட தொகுப்பில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே பழகவே வேண்டாம்.

இருமும்போது முழங்கை மடிப்புக்குள் இருமுங்கள். கதவையும் ஜன்னலையும் பகலில் ஒரு மணித்தியாலமாவது திறந்துவையுங்கள், அடைத்த காம்பராவில் ஒருவருடைய தடிமல் மறுநாள் எல்லோருடையதும் ஆகிவிடும். இரண்டு கிழமைக்கு மேல் நீடிக்கும் இருமலை விறகுப் புகை என்று தள்ளிவிடாமல் சளிப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். காசநோய்க்கு அரச மார்புச் சிகிச்சை நிலையங்களில் மருந்து இலவசம், முழுக்காலமும் எடுத்தால் குணமாகும்.

இவ்வளவுக்கும் பிறகு நோய் வந்தால்

வயிற்றோட்டம் தொடங்கியவுடன் ஒரு பக்கெட் ஜீவனியை (வயிற்றோட்டத்துக்கான உப்புக் கரைசல் தூளை), காய்ச்சி ஆறிய ஒரு லீற்றர் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். அரைப் பக்கெட்டை அரை லீற்றரில் கரைக்கும் வேலை வேண்டாம், அளவு பிசகும். 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிஞ்சியதை ஊற்றிவிட வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. வயிற்றோட்டமும் வாந்தியும் நின்று இரண்டு நாள் ஆகும்வரை அந்த ஆள் மற்றவர்களுக்குச் சமைக்காமல் இருக்கட்டும். செங்கண்மாரி என்றால் கண் மஞ்சளான நாளிலிருந்து ஒரு கிழமைக்கு அவருடைய கோப்பை, தட்டு, துவாய் எல்லாம் தனி.

மலத்தில் இரத்தம், குடித்ததெல்லாம் வாந்தி, குழி விழுந்த கண், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை, பிள்ளை துவண்டு தூங்கிக்கொண்டே இருத்தல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டு 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். காய்ச்சலுக்கு பரசிட்டமோல் மட்டும், இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் இரத்தப் பரிசோதனை. ஒரே லயத்தில் இரண்டு மூன்று வீடுகளில் ஒரே நேரத்தில் வயிற்றோட்டமோ மஞ்சள் கண்ணோ வந்தால் பொதுச் சுகாதார பரிசோதகருக்கு அன்றே சொல்லுங்கள், அவர் வந்து தண்ணீரைப் பார்த்துக் குளோரின் போட ஏற்பாடு செய்வார்.

மழையில் பாதை மூடும் தோட்டத்தில் இருப்பவர்கள் நான்கைந்து பக்கெட் ஜீவனி, ஒரு வெப்பமானி, கொஞ்சம் பரசிட்டமோல், ஒரு டோர்ச் லைட் ஆகியவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள். தோட்ட வைத்திய உதவியாளர், குடும்ப நல உத்தியோகத்தர், பொதுச் சுகாதார பரிசோதகர் மூவருடைய தொலைபேசி இலக்கத்தையும், இரவில் வரக்கூடிய ஓட்டோக்காரரின் இலக்கத்தையும் கதவின் உட்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். வந்திறங்கிய கிழமையிலேயே அவர்களிடம் நேரில் போய் அறிமுகமாகிக்கொள்ளுங்கள்.